சுந்தரி வீட்டு கண்டக்டர்

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு என் எஸ்டிடி பூத்துக்குக் குவைத்திலிருந்து ஒரு போன் வரும். போன் எனக்கில்லை, எதிர் வீட்டுச் சுந்தரிக்கு. அவள் வீட்டுக்காரன் செங்கல்வராயன் அங்கே ஒரு வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் வாசலுக்கு வந்து "சுந்தரி, போன்" என்று குரல் கொடுத்தால், மாட்டுக்கொட்டகையிலிருந்து கையை முந்தானையில் துடைத்தபடி ரோட்டைக் கடந்து வருவாள்.

எங்கள் ஊர் அரசங்குப்பம். ஆந்திராவில், புத்தூரிலிருந்து நாராயணவனம் போகிற வழியில், பஸ் நிற்கும் இடத்தைச் சுற்றி நாற்பது வீடு. ஊருக்கு ஒரே பூத் என்னுடையது. அதன் கண்ணாடிக் கதவு ஒழுங்காக மூடாது. உள்ளே பேசுவது வெளியே உட்கார்ந்திருக்கும் என் காதில் விழும். காதைப் பொத்திக்கொண்டா உட்கார முடியும்?

"நல்லாகீது. துன்னுது. இல்ல, இளைக்கல. ஆங், நேத்து குளிப்பாட்டினேன். சொறியெல்லாம் ஒண்ணும் இல்ல."

முதல் இரண்டு வாரம் மகளைப் பற்றித்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். மகள் யாமினி அப்போது இரண்டாம் வகுப்பு. மூன்றாவது வாரம் "கழுத்துப் பட்டைய மாத்திட்டேன்" என்றாள். அப்போதுதான் இத்தனை நாளும் பேசியது நாயைப் பற்றி என்று எனக்கு உறைத்தது.

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மூணு நிமிசம் பேசறான் அண்ணா. அதுல ரெண்டு நிமிசம் நாய். மீதி ஒரு நிமிசத்துல யாமினி, மாடு, போர் தண்ணி எல்லாம் வந்துடணும். நான் உயிரோட கீறனா இல்லையான்னு அவன் கேக்கறதே இல்ல. போன எடுத்தா இருக்கேன்னு அர்த்தம் போலகீது."

சுந்தரி சத்தியவேடு பக்கத்துப் பெண். அவள் அப்பா அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர். ஏழாவது வரைக்கும் தெலுங்கில் படித்திருந்தாள். ஊரில் யாருக்காவது மண்டல ஆபீஸில் மனு எழுத வேண்டுமென்றால் அவளிடம்தான் வருவார்கள். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தாள். மாமனார் மாமியார் இல்லாத வீடு, ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலை, இரண்டு கறவை மாடு. செங்கல்வராயன் டிராக்டர் ஓட்டினான். மூன்று வருடம் மழை ஏமாற்றியது, போர்க்கிணறு வற்றியது. டிராக்டர் முதலாளி வண்டியை விற்றுவிட்டுத் திருப்பதியில் லாட்ஜ் கட்டப் போனார். எங்கள் பக்கத்தில் அப்போது வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்கோ மஸ்கட்டுக்கோ போய்க்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றேழில் இவனும் போனான்.

போவதற்கு மூன்று மாதம் முன்னால் விசா விஷயமாகச் சித்தூர் போயிருந்தான். திரும்பி வரும் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நாய்க்குட்டி ஊர்ந்து வந்து இவன் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. கண்டக்டர், "ஈ குக்க எவரிதி?" என்று கேட்டிருக்கிறார். யாருடைய நாய் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. இறக்கி விடுகிறேன் என்று அவர் குனிந்ததும் இவன், "என்னுதுதான்" என்று சொல்லிவிட்டான். அடுத்த ஊர் வரைக்கும் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டே வந்தானாம். வீட்டுக்கு வந்து அந்தக் குட்டிக்குக் கண்டக்டர் என்றே பெயர் வைத்தான்.

"விசா கொண்டு வருவான்னு வாசல்ல நின்னுகினு இருந்தேன். நாயோட வந்து நிக்கறான்" என்று சுந்தரி இதைப் பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். விமானம் ஏறும் அன்றைக்கு அவன் சொன்னதையும் சொல்வாள். "நாயப் பாத்துக்கோ." அவ்வளவுதான்.

அது வளர வளர அவளுக்குத் தலைவலியும் வளர்ந்தது. கண்டக்டர் என்று பெயர் வைத்த நாய்க்குக் காக்கி உடுப்பைக் கண்டால் ஆகாது. பஸ் எங்கள் ஊரில் நின்றால் படியில் நிற்கும் நிஜக் கண்டக்டரைப் பார்த்துக் குலைக்கும். சுந்தரி வாசலிலிருந்து, "கண்டக்டரு, வாய மூடிக்கினு உள்ள வா" என்று கத்துவாள். பஸ்ஸில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்த ரூட்டில் வந்த ஒரு கண்டக்டர் அதற்காகவே எங்கள் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நிறுத்த ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் வெயிலில் நூறடி நடந்து ஏற வேண்டியதாயிற்று. அந்தத் திட்டும் சுந்தரிக்குத்தான் வந்தது.

தபால்காரரும் காக்கிதான். அவர் ரோட்டிலேயே சைக்கிளை நிறுத்திக்கொண்டு, "சுந்தரம்மா, குவைட் கவரு" என்று ஊருக்கே கேட்கும்படி கூவுவார். கவர் வந்த நாளில் கைமாற்றுக் கேட்க ஆள் வந்துவிடும். கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் எட்ட நின்று மதில் மேலாக எட்டிப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதிக்கொண்டு போவார். யார் வந்தாலும் வாசலில் கழற்றிவிட்ட செருப்பில் ஒன்றே ஒன்றை, அதுவும் இடது கால் செருப்பை, எடுத்துப் போய் மாட்டின் கழுநீர்த் தொட்டியில் போட்டுவிடும். யாமினியின் டீச்சர் தாட்சாயணி ஒரு நாள் வீட்டுக்கு வந்து, பெண் நன்றாகப் படிக்கிறாள் என்று நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, திரும்பும்போது தவிடு ஒட்டிய ஈரச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து போனார். சுந்தரி அவர் பின்னாலேயே பள்ளிக்கூடம் வரைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனாள்.

பால் சென்டர் தனிக் கதை. காலை ஆறு மணிக்கு ஊர்ப் பெண்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள். கண்டக்டர் சுந்தரிக்கு ஓரடி முன்னால் உட்கார்ந்துகொள்ளும். யாராவது வரிசையை வெட்டி முன்னால் போனால் எழுந்து நின்று உறுமும், கடிக்காது. சென்னம்மாவுக்கு மட்டும் பின்னால் வந்து முன்னால் போகிற பழக்கம் இருந்தது. அவள் ஒரு வருடம் எங்கள் ஊர் சென்டரை விட்டுவிட்டு நாராயணவனத்துக்குப் போய்ப் பால் ஊற்றினாள். "உன் நாயி என்ன இன்னா நினச்சிக்கினு கீது?" என்று தினமும் சண்டை.

இவையெல்லாம் போகட்டும் என்றால் சாப்பாடு. கேழ்வரகுக் களியும் சாறும் வைத்தால் பார்த்துக்கொண்டே இருக்கும். வாய் வைக்காது. பக்கத்தில் ஓர் ஆள் தரையில் உட்கார வேண்டும். நின்றால் போதாது. உட்கார்ந்தால் தின்னும். நடுவில் எழுந்தால் அதுவும் நிறுத்திவிடும். செங்கல்வராயன் குட்டியிலிருந்து அப்படிப் பழக்கிவிட்டுப் போயிருந்தான்.

"எனக்குக் கழனி கீது, மாடு கீது, பொண்ணு ஸ்கூலுக்குப் போவணும். மகாராஜாவுக்குத் துணைக்கு உக்காரணுமாம்" என்பாள். எப்படியும் உட்கார்ந்துதானே ஆக வேண்டும் என்று தன் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து அதன் பக்கத்திலேயே சாப்பிட்டு முடிப்பாள். பூத்திலிருந்து பார்த்தால் தெரியும். கொட்டகை ஓரத்தில் அவள் ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். அவள் சாப்பிடும்போதும் அதைத் திட்டிக்கொண்டேதான் இருப்பாள்.

இரண்டாவது வருடம் செங்கல்வராயனுக்கு ஒரு ஆசை வந்தது. நாய் குலைப்பதைப் போனில் கேட்க வேண்டுமாம். அடுத்த வெள்ளிக்கிழமை சுந்தரி அதைச் சங்கிலியோடு பூத்துக்கு இழுத்து வந்தாள். கதவைத் திறந்து உள்ளே தள்ளி, ரிசீவரை அதன் காதில் வைத்தாள். அவன் அங்கிருந்து "கண்டக்டரே, கண்டக்டரே" என்று கூப்பிடுவது எனக்கே கேட்டது. நாள் முழுக்கக் குலைக்கிற நாய் ஒரு சத்தம் போடவில்லை. ரிசீவரை மோந்து பார்த்தது. ஒயரை மோந்து பார்த்தது. பிறகு காலைத் தூக்கி என் புது டெலிபோன் ஸ்டாண்டின் மேல் ஒன்றுக்குப் போனது. லைன் கட்டாகிவிட்டது. மூன்று நிமிடமும் அதிலேயே போயிற்று.

சுந்தரி பக்கெட்டில் தண்ணீர் கொண்டு வந்து கழுவிவிட்டாள். பாதியில் நிறுத்திவிட்டு, "முடியல அண்ணா. இத நான் எங்கியாவது குடுத்துடப் போறேன்" என்றாள். அன்றைக்கு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

உண்மையாகவே கொடுத்துவிட்டாள். எங்கள் ஊருக்கு மாங்காய் ஏற்ற வரும் மினி லாரிக்காரர், புத்தலப்பட்டுப் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருக்கும் கங்கையா என்பவருக்கு நாய் வேண்டும் என்று சொன்னார். சுந்தரி கண்டக்டரை லாரியில் ஏற்றி, அதன் தட்டையும் பட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். லாரி கிளம்பியபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளியிலிருந்து வந்த யாமினி அழுது சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை போன் வந்தபோது, "நல்லாகீது. துன்னுது" என்று சுந்தரி பொய் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் ரோட்டைக் கடந்தாள்.

அந்த வாரம் பால் சென்டரில் சென்னம்மா மறுபடி வந்து முன்னால் நின்றாள். சுந்தரி கேனை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். மதியம் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகை ஓரத்துக்கு வந்து ஒருத்தியாக நின்றாள். பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஆறாம் நாள் அதே லாரியில் கங்கையாவே வந்து இறங்கினார். கையில் சங்கிலி, சங்கிலியின் மறுமுனையில் கண்டக்டர்.

"தாயே, இத நீயே வெச்சிக்கோ. இது காவல் நாயி இல்ல. ரெண்டு நாளு பட்டினி கெடந்துச்சி. செத்துப்பூடும்னு பயந்து பக்கத்துல உக்காந்தேன், துன்னுது. எழுந்தா நிறுத்திடுது. நான் தோப்பப் பாக்கறதா, இதுக்குப் பந்தி வெக்கறதா? இன்னொன்னு, என் செருப்பு ஒண்ணு கெணத்துல கெடக்குது."

சுந்தரி அவருக்கு மோர் கொடுத்தாள், புதுச் செருப்பு வாங்கித் தருகிறேன் என்றாள். அவர் போன பிறகு நாயின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "போன எடத்துல பேரக் கெடுத்துக்கினு வந்துருக்கியே, நீயெல்லாம் ஒரு நாயா" என்றாள். அது வாலாட்டியது. அவள் உள்ளே போய்க் களி எடுத்து வந்தாள்.

இரண்டு வருடத்தில் லீவில் வந்திருக்க வேண்டியவன், புது போர் போடுவதற்காக லீவை விட்டுவிட்டு இன்னும் இரண்டு வருடம் இருந்துவிட்டான். இரண்டாயிரத்தொன்று மார்ச் மாதம், சொல்லாமல் கொள்ளாமல், பகல் மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து டாக்ஸியில் வந்து இறங்கினான். நான் பூத் வாசலில் இருந்தேன். கொஞ்சம் தடித்திருந்தான். முன்தலையில் முடி போயிருந்தது. கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, காக்கிப் பேன்ட். பேன்ட்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வாயைத் திறப்பதற்குள் அவன் கேட்டைத் தள்ளிவிட்டான்.

கண்டக்டர் நடுவாசலில் நின்றது.

"கண்டக்டரே" என்று அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குனிந்தான். நாய் ஒரு முறை மோந்து பார்த்தது. உடனே பாய்ந்து கெண்டைக்காலைக் கவ்வியது. நான்கு வருடத்தில் உறுமியதும் துரத்தியதும் உண்டு. யாரையும் கடித்ததில்லை. அதுதான் முதல் தடவை.

சுந்தரி சாணிக் கையோடு கொட்டகையிலிருந்து ஓடி வந்தாள். நான்கு வருடம் கழித்து வந்த புருஷனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை, "அப்படியே நில்லு, ஓடாத" என்பதுதான். நாய் விட்டது. விட்டுவிட்டு அவளுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டது. டாக்ஸிக்காரன் பெட்டிகளைக் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டான். எட்டிப் பார்த்த யாமினி, கறுப்புக் கண்ணாடியில் அப்பாவை அடையாளம் தெரியாமல் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

புத்தூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அவனை வண்டியில் கூட்டிப் போனேன். டாக்டர் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஊசி போட்டார். அடுத்த ஊசிகளுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார். பிறகு, "நாய் எங்கே?" என்று கேட்டார்.

"வீட்டுலதான் சார். இன்னிக்கே தொலச்சிடறேன்."

"அந்தத் தப்பு மட்டும் செய்யாதே. பத்து நாள் நாயைக் கட்டி வைத்துப் பார்க்க வேண்டும். ஒழுங்காகச் சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று. பத்து நாள் அது நன்றாக இருந்தால் உனக்கும் பயமில்லை."

திரும்பி வந்தோம். ஊருக்குள் நுழையும்போது அவன், "நாலு வருசம் அதப் பத்தியே கேட்டுக்கினு இருந்தேன் நாராயணசாமி" என்று மட்டும் சொன்னான்.

வீட்டுக்கு வந்து, "பதினோராம் நாளு அது இங்க இருக்கக் கூடாது" என்று சுந்தரியிடம் சொல்லிவிட்டான். அவள் நாயைக் கொட்டகைத் தூணில் கட்டப் போய்விட்டாள்.

அந்தப் பத்து நாளும் எதிர் வீட்டில் நடந்ததைப் பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது. காக்கியால்தான் கடித்தது என்று அவன் லுங்கிக்கு மாறினான். லுங்கியைப் பார்த்தும் உறுமியது. மாட்டை விற்றுவிடலாம், நீ சாணி வாரவா நான் அங்கே வெந்தேன் என்று அவன் குரலை உயர்த்தினால், கட்டிப் போட்ட இடத்திலிருந்து நாய் எழுந்து நிற்கும். அவன் குரலைத் தாழ்த்துவான். தன் வீட்டில் தான் மெதுவாகப் பேச வேண்டியிருக்கிறதே என்று மறுபடி கோபம் வரும், மறுபடி உயர்த்துவான். கழனியில் எந்த மடைக்கு எப்போது தண்ணீர் என்று அவனுக்குத் தெரியவில்லை. அலமாரியில் எது எங்கே என்று தெரியவில்லை. எதைக் கேட்டாலும் சுந்தரி ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். காலையில் எழுந்ததும் அவன் செய்த முதல் வேலை, கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்து நாய் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது. எந்த நாயைத் தொலைக்க வேண்டும் என்று நினைத்தானோ அது நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆறாம் நாள் மதியம் அவன் என் பூத்துக்கு ஓடி வந்தான். முகத்தில் ரத்தமில்லை.

"துன்ன மாட்டேங்குது நாராயணசாமி. இன்னிக்கு நான் களி வெச்சேன், பாத்துக்கினே கீது. தண்ணியும் தொடல. டாக்டர் சொன்னாரே."

எனக்குக் காரணம் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை என்று தோன்றியது. சுந்தரி கழனியில் இருப்பதாகச் சொன்னேன். நொண்டிக்கொண்டே கழனிக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் வந்தார்கள். அவள் முன்னால், வேகமாக.

"களை எடுத்துக்கினு இருந்தவளக் கூட்டிக்கினு வந்துட்ட. உக்காரு."

"எங்க?"

"அது பக்கத்துல. கீழ. எட்டி இல்ல, பக்கத்துல. எழுந்துக்காத."

அவன் நாய்க்கு எட்டாத தூரமாகப் பார்த்து உட்கார்ந்தான். பிறகு ஒரு முழம் நகர்ந்தான். கண்டக்டர் அவனைப் பார்த்தது. சுந்தரியைப் பார்த்தது. தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தது.

"நீதான இந்தப் பழக்கம் பண்ண. மறந்துட்டியா?" என்றாள்.

அவன் மறந்துதான் போயிருந்தான். தட்டு காலியாகும் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு, "நாலு வருசமா தினம் நீ இப்படி உக்காந்தியா?" என்று கேட்டான்.

"வேற யாரு கீறாங்க உக்கார?" என்று சொல்லிவிட்டு அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கழனிக்குப் போய்விட்டாள்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பதினோராம் நாள் காலையில் பூத் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. செங்கல்வராயன் சொன்னால் சொன்னதுதான். நாயைத் திருப்பதியில் தனக்குத் தெரிந்த ஒரு குடோனில் காவலுக்கு விடப் போவதாக என்னிடம் சொன்னான். சுந்தரி சங்கிலியை அவிழ்த்து நாயை ரோட்டுக்குக் கூட்டி வந்தாள். கையில் அதே பை, தட்டும் பட்டையும்.

"கூட்டிக்கினு போ" என்றாள். "ஆனா ஒண்ணு கேட்டுட்டுப் போ. இத நானே ஒருவாட்டி லாரி ஏத்தி உட்டுட்டேன். அந்த வாரம் நீ போன் பண்ண. நல்லாகீதுன்னு பொய் சொன்னேன். ஏன் உட்டேன் தெரியுமா? எப்பப் போன் பண்ணாலும் நீ அதத்தான் விசாரிச்ச. இது துன்னுச்சா, தூங்குச்சா, ஒடம்பு எளச்சிதா. எனக்குக் காய்ச்சல் வந்து பதினஞ்சு நாளு படுத்துக் கெடந்தேன். உனக்குத் தெரியுமா? கேட்டியா? எனக்கு இது மேல கோவமில்ல. இதுகிட்டப் பொறாம. ஒரு நாயிகிட்டப் போயி."

ஆட்டோக்காரர் என்ஜினை நிறுத்திவிட்டார். செங்கல்வராயன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எனக்குப் பின்னால அங்க போனுக்குப் பத்துப் பேரு வரிசயில நிப்பாங்க. எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்க. இங்க இவன் வெளிய உக்காந்துகினு இருப்பான், காதத் தீட்டிக்கினு. அதுக்கு நடுவுல உன்ன எப்படி கீறன்னு எப்படிக் கேக்கறது. வாய் வரல. நாயக் கேக்கறதுக்கு வெக்கமில்ல. அதக் கேட்டா நீ பேசுவ. திட்டிக்கினே பேசுவ. ரெண்டு நிமிசம் உன் கொரலு கேக்கும்."

நான் எழுந்து பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அது மூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சாத்தினேன். நான்கு வருடம் அந்தக் கதவை ரிப்பேர் பண்ணாமல் விட்டவன் நான்தான்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஆட்டோ காலியாகப் போயிற்று. சுந்தரி பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, நாயைப் பார்த்து, "உன்னால காலையில ஊரே வேடிக்க பாக்குது, நட உள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் திரும்பக் குவைத்துக்குப் போகவில்லை. விசா இருந்தது, போகவில்லை. பழைய ஜீப் ஒன்றை வாங்கிப் புத்தூருக்கும் திருப்பதிக்கும் ஆள் ஏற்றி ஓட்ட ஆரம்பித்தான். மாட்டை விற்கவில்லை, மூன்றாவது ஒன்று சேர்ந்தது. கண்டக்டர் அவனை ஏற்றுக்கொண்டது என்றும் சொல்ல முடியாது. ஜீப்பை ஏற்றுக்கொண்டது. முன் சீட்டில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மறுக்கும். பயணிகள் காத்திருக்க, சுந்தரி வந்து கூப்பிட்டால்தான் இறங்கும். முதல் டிரிப் தினமும் பத்து நிமிடம் லேட். "இத நீ திருப்பதியிலயே உட்டுருக்கணும்" என்று அவளே சொல்வாள். "நீதான உட வேணாம்னு நின்ன" என்று அவன் சொல்வான். "நான் எங்க சொன்னேன், கூட்டிக்கினு போன்னுதான் சொன்னேன்" என்பாள். இந்தச் சண்டை வாரத்துக்கு இரண்டு தடவையாவது நடக்கும்.

இரண்டு வருடம் கழித்து நாராயணவனத்தில் கால்நடை ஆஸ்பத்திரியில் நாய்களுக்கு இலவசமாக ஊசி போடும் கேம்ப் நடந்தது. ஜீப்பில் நானும் கூடப் போயிருந்தேன். வெயிலில் பெரிய வரிசை. நாய்களெல்லாம் ஒன்றையொன்று பார்த்துக் குலைத்துக்கொண்டிருந்தன. செங்கல்வராயன் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான். சுந்தரி கண்டக்டரின் வாயைத் துண்டால் கட்டி, அதன் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். முக்கால் மணி நேரம் அப்படியே நின்றதில் புடவையெல்லாம் ரோமம்.

மேஜையில் உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தாமல் தெலுங்கில் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். நாயின் பெயர் கண்டக்டர் என்றதும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். வயது ஆறு. ஊர் அரசங்குப்பம்.

"ஓனர் பேரு செப்பண்டி" என்றார், செங்கல்வராயனைப் பார்த்து.

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் சுந்தரி, "சுந்தரி" என்றாள். "எஸ்.சுந்தரி."

அவர் பேனாவை நிறுத்தி அவனைப் பார்த்தார். வழக்கமாக ஆம்பளை பேர்தான் எழுதுவார்களோ என்னவோ. செங்கல்வராயன் சங்கிலியை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "அவ பேரே எழுதிக்கோ சார்" என்றான்.

எழுதினார். சுந்தரி நாயை மேஜைப் பக்கம் தள்ளியபடி, ஊசியோடு வந்த கம்பவுண்டரிடம் தெலுங்கில் அவசரமாகச் சொன்னாள், "சார், அந்தக் காக்கிக் கோட்டக் கழட்டிட்டு வாங்க. அப்புறம் என்னச் சொல்லாதீங்க."